ரூத் டீச்சர் கையில் கரண்டி

அதிகாரிகள் வரும் நாட்களில் என் அம்மாவின் கையில் கரண்டி இருக்கும். மற்ற நாட்களில் சாக்பீஸ்.

திருவிடந்தைக்கும் கோவளத்துக்கும் நடுவில், பிரதான சாலையிலிருந்து மேற்கே இறங்கினால் எங்கள் காலனி. சாலைக்குக் கிழக்கே மீனவர் குப்பம். இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் தாமோதரன் சாருக்கு. ஒன்று முதல் மூன்று வரை லதா டீச்சருக்கு. அரசாங்கத்தின் பதிவில் இப்படித்தான் இருந்தது. பள்ளிக்குள் இருந்தது வேறு.

1994இல் லதா டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். பதில் ஆள் கேட்டு சார் மேலே எழுதினார். யாரும் வரவில்லை. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஓர் அறைக்குள் அடைந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் சாராலும் பேச முடியவில்லை. ஒரு மாலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காலனியில் பிளஸ் டூ முடித்த பெண் அப்போது அம்மா ஒருத்திதான்.

"ரூத்து, ஒரு ரெண்டு வாரம் வந்து பசங்கள உக்கார வெச்சிக்கயேன். அதுக்குள்ள ஆள் போட்டுடுவாங்க."

"பாடம் எடுக்கணுமா சார்?"

"கத்தாம இருந்தா போதும்மா."

என் அப்பா ஜெபசிங் சாலையோர விடுதி ஒன்றில் தோட்ட வேலை செய்தார். "போயேன். வூட்ல உக்காந்துகினு சுவத்தையே பாத்துகினு இருக்கறதுக்கு அதுங்களையாவது பாரு" என்றார்.

அம்மா போனாள். கத்தாமல் வைத்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது, அந்தக் கத்தலை வாய்ப்பாடாக மாற்றுவது. நான் அப்போது நான்காம் வகுப்பு. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த தட்டிக்கு இந்தப் பக்கம் சார் நாளிதழ் படிப்பார். அந்தப் பக்கம் என் அம்மா மூன்றாம் வாய்ப்பாட்டை மீன் ஏலம் விடுவதுபோல் கூவிக்கொண்டிருப்பாள். குப்பத்துப் பிள்ளைகள் ஏலக்காரரின் குரலிலேயே பதில் சொல்வார்கள்.

விடுப்பு முடிந்து லதா டீச்சர் வந்தார். திருவான்மியூரிலிருந்து வர வேண்டும். பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி படிப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது மகிழ்ச்சி என்று அம்மா நினைத்தாள். பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைக்க இடம் கிடைத்தவரின் நிம்மதி அது.

"ரூத், எனக்குக் குழந்தை சின்னது. உங்களுக்கும் ஒரு வருமானம் ஆகும். நான் வாரத்துல ரெண்டு நாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். சார்கிட்ட பேசிட்டேன்."

மாதக் கடைசியில் ஒரு கவர் வரும். கல்யாண வீடுகளில் மொய் வைப்பதற்கென்று விற்கிற கவர். மேலே தங்க எழுத்தில் 'அன்பளிப்பு' என்று அச்சிட்டிருக்கும். சம்பளத்தை அதில் வைத்துத் தருவது கௌரவம் என்று லதா டீச்சர் கருதினார். இன்றும் கல்யாணத்துக்குப் போனால் நான் பணத்தைக் கவரில் வைக்காமல் கையில்தான் கொடுக்கிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் கருவிப் பராமரிப்பு படித்தவள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அதே வேலை செய்கிறேன். அங்கே ஒரு கருவி பழுதாகி, உடனே பிரித்துச் சரிசெய்ய நேரமில்லை என்றால், இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவோம். அதற்கு ஜம்பர் என்று பெயர். கட்டுப்பாட்டு அறையில் பச்சை விளக்கு எரியும். பழுது இருப்பதே யாருக்கும் தெரியாது. ஜம்பர் போட்டால் எழுதி வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எங்கள் ஊர்ப் பள்ளியில் எழுதியும் வைக்கவில்லை, பத்து வருஷத்துக்கு மேல் எடுக்கவும் இல்லை. அந்தத் துண்டு ஒயர் என் அம்மா.

அதிகாரி வரும் நாளுக்கு ஒரு நடைமுறை இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த மோசஸ், ஜீப் எங்கள் பக்கம் திரும்பினால் பள்ளிக்கு ஆள் அனுப்புவார். சார் நேரங்கெட்ட நேரத்தில் மணியை இரண்டு முறை தட்டுவார். அம்மா சாக்பீஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் சத்துணவுக் கூடத்துக்குள் போய்விடுவாள். சார் தன் மேசை இழுப்பறையிலிருந்து லதா டீச்சரின் விடுப்புக் கடிதத்தை எடுத்து அன்றைய தேதியை எழுதுவார். கையெழுத்துப் போட்டு, தேதி போடாமல் கொடுத்து வைத்த கடிதம். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று வரும்.

சத்துணவுக் கூடத்தில் ஆயா செங்கம்மாள் இருப்பாள். பெரிய கரண்டியை அம்மாவின் கையில் திணிப்பாள்.

"வா டீச்சரு. நல்லா கிண்டு. உள்ள மட்டும் எதையும் போட்றாத."

அதற்குக் காரணம் இருந்தது. முதல் தடவை பதற்றத்தில் அம்மா உப்பை இரண்டாவது முறை அள்ளிப் போட்டுவிட்டாள். அன்று சாம்பாரை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

"உனக்கு வாயிதான்டி வேல செய்து. கை செய்யல" என்று செங்கம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"நான் இன்னா சமைக்கவா வந்தேன் அக்கா?"

"அத என்கிட்ட சொல்லு. வெளில சொல்லாத."

லதா டீச்சர் அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்தார். அஞ்சல் வழியில் பி.ஏ. பிறகு எம்.ஏ. ஒவ்வொரு பட்டத்துக்கும் அரசாங்கம் ஊதிய உயர்வு கொடுக்கும். நன்றாகக் கற்பிக்கட்டும் என்று கொடுப்பது. அவர் படிப்பதற்காகப் பள்ளிக்கு வரவில்லை. வராமல் இருந்ததால் படிக்க முடிந்தது. படித்ததால் சம்பளம் ஏறியது. இந்தச் சுற்றை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்திருக்கிறேன். எந்த இடத்திலும் ஒரு மாணவன் வரவில்லை.

அம்மாவும் படிக்க ஆசைப்பட்டாள். தொலைநிலைக் கல்வியில் வரலாறு பி.ஏ. சேர்ந்தாள். தமிழ் வழி என்று கேட்டு எழுதினாள். ஆங்கிலப் புத்தகங்கள் வந்தன. திருப்பி அனுப்பினாள். தமிழ்ப் புத்தகங்கள் தேர்வு முடிந்த பிறகு வந்தன. நேரில் பாடம் நடத்தும் தொடர்பு வகுப்புக்கென்று ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு போனாள். பூட்டிய கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: வகுப்பு அடுத்த வாரம். அடுத்த வாரமும் அதே தாள் இருந்தது.

தேர்வு மையமும் செங்கல்பட்டுதான். அவள் அதைச் சொல்லும்போது மட்டும் குரலை ஏற்றுவாள். தேர்வு அறையில் எல்லோரும் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார்களாம். கண்காணிப்பாளர் வாசலில் நாற்காலி போட்டு வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தாராம். காப்பி அடிக்கவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தவள் இவள் ஒருத்திதான். இவளுக்குத்தான் புத்தகமே வரவில்லையே. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். பாவம் பார்த்து, தான் காப்பி அடித்து முடித்த பக்கங்களைப் புத்தகத்திலிருந்து கிழித்து இவளிடம் கொடுத்தார். இவளும் எழுதினாள். அந்தத் தாளில்தான் அவளுக்கு மதிப்பெண் அதிகம்.

"தெரிஞ்சத எழுதினதுக்குக் கம்மி. திருடினதுக்கு ஜாஸ்தி. இன்னா படிப்புடி இது?" என்பாள்.

ஆனாலும் பட்டம் வந்தது. அடுத்தது பி.எட். தொலைநிலையில் பி.எட். சேர ஒரு நிபந்தனை இருந்தது. பள்ளியில் இரண்டு வருஷம் பாடம் நடத்தியதற்கு அனுபவச் சான்று வேண்டும். தலைமையாசிரியர் ஒரு வரி எழுதி முத்திரை வைத்தால் போதும்: இவர் இங்கே பாடம் நடத்தினார்.

இதைக் கேட்டு அம்மா சிரித்தாள். அவளிடம் அது ஏழு வருஷம் இருந்தது.

பட்டம் வாங்கினாலும் அரசு வேலை உடனே வந்துவிடாது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் ஊரே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரி. தன்னை டீச்சர் என்று சொல்கிற ஒரு தாள். அதைக் கேட்டு தாமோதரன் சாரிடம் போனாள். நானும் உடன் போனேன்.

"எப்டிம்மா எழுதுவேன்?" என்றார். கெட்டவர் இல்லை. கோழை. "ரூத்து பாடம் எடுத்துச்சுன்னு எழுதினா, அப்ப லதா எங்க போச்சுன்னு கேப்பான். லதா போனா நானும் போவேன். அது சரி, நீ ஏன் இங்க கேக்கற? சிங்கப்பெருமாள் கோயில்ல ராகவன்னு ஒருத்தர் நர்சரி ஸ்கூல் வெச்சிருக்காரு. அவர்கிட்ட போ. எல்லாரும் அங்கதான் வாங்கறாங்க."

போனோம். அரிசி மண்டியின் மாடியில் மூன்று அறைகள். சுவரில் மிக்கி எலி. ராகவன் வெள்ளைச் சட்டையில் இருந்தார். தாளாளர் என்று மேசையில் பலகை.

"எத்தனை வருஷம் போடட்டும்?"

"ஏழு வருஷம் எடுத்திருக்கேன் சார்."

"எங்க ஸ்கூல் ஆரம்பிச்சே நாலு வருஷம்தாம்மா ஆவுது. ரெண்டு போடறேன். எந்த கிளாஸ்?"

"மூணாங்கிளாஸ்."

"இங்க மூணாங்கிளாஸே கிடையாது. யுகேஜின்னு போட்டுக்கலாம்."

அம்மா சுவரில் இருந்த மிக்கி எலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது பேரமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"பாரும்மா, போன வருஷம் மட்டும் நாப்பது பேருக்குக் குடுத்திருக்கேன். அதுல பாதிப் பேரு இந்தப் படி ஏறினதுகூட இல்ல. தபால்லயே அனுப்பினேன். எல்லாம் இன்னிக்கி பி.எட்."

மூன்று அறைகளுக்கு நாற்பது ஆசிரியர்கள். 'வாங்கிவிடு' என்று நான் அம்மாவின் காதில் சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள்.

படி இறங்கும்போது சொன்னாள்: "நம்ம வூட்டுப் புள்ளைக்கு வேற எவனோ பேரு வெச்சாப்ல இருக்குது. வா போலாம்."

அடுத்த வருஷம் லதா டீச்சரே பி.எட். சேர்ந்தார். அவருக்கு அனுபவச் சான்று கிடைத்தது. அம்மா பாடம் நடத்திய அத்தனை வருஷமும் அதில் இருந்தது. தாமோதரன் சார்தான் எழுதிக் கொடுத்தார்.

பி.எட். படிப்பில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பணியில் இருப்பவர்கள் தங்கள் பள்ளியிலேயே காட்டலாம் என்று அந்தப் பல்கலைக்கழகம் சலுகை கொடுத்திருந்தது. பார்வையாளர் ஒருவர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். லதா டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது. வகுப்பில் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அன்று முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

"ரூத், இதுல மட்டும் என்னைக் காப்பாத்திடுங்க. இது முடிஞ்சா எனக்கு ஹைஸ்கூல் ப்ரமோஷன். நான் இங்கேர்ந்து போறதுக்கு முன்னாடி சார்கிட்ட உங்களுக்குச் சான்று வாங்கிக் குடுக்கறது என் பொறுப்பு. நான் போயிட்டா சாருக்கும் பயம் இருக்காது பாருங்க."

அம்மா நம்பினாள். அந்த வாக்கில் ஒரு தர்க்கம் இருந்ததுதான் சிக்கல். பாடத்திட்டம் எழுதினாள். அட்டையில் மழை, ஆறு, கடல் எல்லாம் வரைந்தாள். பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை இரண்டு முறை முன்கூட்டியே நடத்தினாள். லதா டீச்சருக்கும் ஒரு முறை நடத்தினாள்.

பார்வையாளர் வந்த நாளில் நானும் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். லதா டீச்சர் பட்டுப்புடவையில் நின்றார். அம்மா பின்னால், கரண்டியோடு. சத்துணவுக் கூடத்தின் ஜன்னல் வகுப்பறையைப் பார்த்திருக்கும்.

"கடல் தண்ணி ஆவியாகி எங்கே போகுது?" என்று லதா டீச்சர் கேட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள். ஒரு பையன் எழுந்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, சத்துணவுக் கூடத்தைப் பார்த்து, "மேகத்துக்குப் போவுது டீச்சர்" என்றான்.

அடுத்த கேள்விக்கும் அப்படியே. முன்னால் நிற்பவர் கேட்கிறார், பிள்ளைகள் ஜன்னலுக்குப் பதில் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்பு அம்சா என்ற பெண் பதில் சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள். சரி என்று ஜன்னலிலிருந்து ஒரு தலையாட்டல் வர வேண்டும். அது வந்த பிறகு உட்கார்ந்தாள்.

பார்வையாளர் முன்னால் குனிந்தார். "என்ன மேடம், பசங்க எல்லாம் சமையல்கட்டையே பாக்குதுங்க?"

"பசி சார்" என்றார் லதா டீச்சர்.

"நேரம் ஆச்சுல்ல" என்று அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மதிப்பெண் போட்டார். போகும்போது வகுப்பு மிகவும் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதினார்.

2004 ஜூனில் லதா டீச்சருக்குப் பதவி உயர்வு வந்தது. பிரிவு உபசாரத்தில் பேசினார். கண் கலங்கினார். சான்றைப் பற்றி அம்மா கேட்டதற்கு, "போய் செட்டிலாகிட்டு சாருக்கு போன் பண்றேன்" என்றார். அம்மா அதற்குப் பிறகு சாரிடம் கேட்டபோது, அவர் சொன்னார்: "லதாவே இப்ப இல்லயேம்மா. யாருக்குப் பதிலா நீ எடுத்தன்னு எழுதறது?"

அந்த இடம் காலியாகவே கிடந்தது. கவரும் நின்றது. அம்மா மட்டும் போய்க்கொண்டிருந்தாள். "ஜூன்ல சேந்த புள்ளைங்க 'அ' எழுதாம கெடக்குது" என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை.

டிசம்பரில் சுனாமி வந்தது. குப்பத்தில் படகுகளும் வலைகளும் வீடுகளும் போயின. எங்கள் காலனிக்குத் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு வந்தது கார்கள். தினமும் யாராவது வந்தார்கள். பென்சில் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு கார் வரும்போதும் மணி இரண்டு முறை அடித்தது. அம்மா கரண்டியைப் பிடித்தாள். சில நாட்களில் காலையில் போய்ப் பிடித்த கரண்டியை மாலைவரை விட முடியாது. உதவி செய்ய வந்தவர்கள் சேர்ந்து அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்பை நடக்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"கரண்டி புடிச்சிப் புடிச்சிக் கை மரத்துப்போச்சு சார்" என்றாள் ஒருநாள்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ ரூத்து. ஒரு டிரஸ்ட்டுல இருந்து டிவி வருது. சாட்டிலைட்ல பாடம். மெட்ராஸ்ல பெரிய பெரிய வாத்தியாருங்க எடுப்பாங்க. இனிமே ஆளே தேவைப்படாது."

சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகப்போகும் நேரத்தில் டிவி வந்தது. கூடவே டிஷ். நான் டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். சார் என்னை அழைத்து டிஷ்ஷைப் பார்க்கச் சொன்னார். வாசல் கேட் பக்கத்தில் நட்டிருந்தார்கள். தெற்கு வானம் முழுவதையும் ஒரு பெரிய பூவரச மரம் மறைத்திருந்தது. மீட்டரில் சிக்னல் பூஜ்யம்.

டிரஸ்ட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவரிடம் சொன்னேன். பெயர் நிதின். "இங்க சிக்னல் வராது. பின்னால மைதானத்துல நடணும்."

"எங்க டிரஸ்ட் பேர்ப்பலகை இங்கதானே வெச்சிருக்கு?" என்றார். "பங்ஷன் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

திறப்பு விழாவுக்கு ஒன்றியத்தின் கல்வி அலுவலர் பன்னீர்செல்வம் வந்தார். டிவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்தார்கள். பன்னீர்செல்வம் பேசினார். ஆசிரியர் பற்றாக்குறை என்ற சொல்லுக்கே இனி இடமில்லை என்றார். கை தட்டினார்கள். பொத்தானை அழுத்தினார்.

திரை நீலமாக வந்தது. அப்படியே நின்றது.

நிதின் ஒயரை அசைத்தார். யாரோ டிவியின் தலையில் தட்டினார்கள். தாமோதரன் சார் என்னைப் பார்த்தார். நான் பூவரச மரத்தைக் காட்டினேன். பன்னீர்செல்வம் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். பிள்ளைகள் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதில் ஏதோ வரப்போகிறது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பையன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். நேரம் போயிற்று.

அம்மா சத்துணவுக் கூடத்திலிருந்து வந்தாள். கரண்டி கையில் இருந்தது. அதை டிவி மேசையில் மாலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜன்னல் விளிம்பில் கிடந்த சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகையில் 'கடல்' என்று எழுதினாள்.

"இதுல எத்தன எழுத்து?"

"மூணு டீச்சர்" என்று மொத்த வகுப்பும் கத்தியது. தூங்கியவன் எழுந்துகொண்டான்.

பன்னீர்செல்வம் கைபேசியைக் கீழே இறக்கினார். "யாரும்மா நீ?"

சார் முந்திக்கொண்டார். "சமையல் ஆயா சார். பசங்கள அமைதியா வெக்கச் சொல்லி நான்தான்…"

"அவங்களச் சொல்லச் சொல்லுங்க" என்றார் பன்னீர்செல்வம்.

அம்மா திரும்பினாள். "மூணாங்கிளாஸ் டீச்சர் சார். ரெண்டும் ஒண்ணும்கூட நான்தான். பதினோரு வருஷமா."

பன்னீர்செல்வம் அவளைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். டிரஸ்ட் ஆட்களையும் அவர்களின் கேமராவையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். புரிந்ததும் அதை எப்படி மடித்து உள்ளே வைத்தார் என்பதையும் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் ஆறு வருஷம் ஆய்வுக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் அவர்.

"தாமோதரன், சமையல் ஆளுங்கள கிளாஸுக்குள்ள விடாதீங்க" என்றார். "சுகாதாரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து டிரஸ்ட் தன் ஆண்டு மலரைப் பள்ளிக்கு அனுப்பியது. வழவழப்பான தாள். அம்மா கரும்பலகை முன் நிற்கிற படம் அதில் இருந்தது. டிவியில் மாலை, பக்கத்தில் கரண்டி. கீழே எழுதியிருந்தார்கள்: 'செயற்கைக்கோள் பாடத்தால் உற்சாகம் பெற்ற சத்துணவுப் பணியாளர், தானும் எழுதிப் பழகுகிறார்.'

அம்மா அதைப் பார்த்தாள். "படம் நல்லா வந்துகீது" என்றாள். அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். மறுநாள் முதல் பள்ளிக்குப் போகவில்லை. டிவி பீரோவுக்குள் போனது. டிஷ் இன்றும் பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் வேனில் ஏறி ஆங்கில வழிப் பள்ளிக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களின் அனுபவச் சான்று எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அம்மா ஓர் ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள். போன மார்ச் மாதம், 2008இல், கம்பெனி பேருந்தில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. நாற்பத்தொரு வயது. நான் ஷிஃப்டில் இருந்தேன். போனை லாக்கரில் வைத்திருந்தேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் படித்த பையன்கள் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், விடுதிகளில் வேலை செய்கிறார்கள். காசு போட்டு கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து எங்கள் தெருமுனையில் கட்டினார்கள். அதில் 'ரூத் டீச்சர்' என்று இருந்தது. என்ன போடுவது என்று எங்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அதில் சந்தேகம் வந்திருக்காது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஒரு கார் வந்து நின்றது. லதா டீச்சர். இப்போது உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. ரோஜா மாலையை அம்மாவின் மேல் வைத்தார். அப்பாவிடம் கை கூப்பினார். பிறகு என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்தார்.

"ஜெஸ்ஸி, பேனர்ல டீச்சர்னு போட்டிருக்காங்களே. யாராவது போட்டோ எடுத்து மேல அனுப்பினா தாமோதரன் சார் பென்ஷனுக்குத்தான் பிரச்சனை. அதிகாரிங்க கண்ணுக்கு அவங்க ஆயாவாத்தானே இருந்தாங்க?"

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் செங்கம்மாள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா சொன்ன? ஆயாவா?" என்று எழுந்தாள். "ஆயா நானு. இது எம்பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு, அவ்ளோதான். ஒரு நாளு சோறு வடிக்கத் தெரியுமா இதுக்கு? ஒரு தபா சாம்பாருக்கு உப்பு போட்டுச்சு. அன்னிக்கி பூரா புள்ளைங்க தண்ணி குடிச்சே வவுத்த ரொப்பிக்கினுதுங்க. இதப்போயி ஆயான்னா, நான் இன்னாத்துக்கு அங்க இருந்தேன்? எம்பேரக் கெடுக்காத."

அழுதுகொண்டிருந்த பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பாவும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அந்த உப்புக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

லதா டீச்சர் என் கையைப் பிடித்தார். "எந்த உதவி வேணும்னாலும் தயங்காம கேளு."

"ஒரு அனுபவச் சான்று எழுதிக் குடுங்க டீச்சர்."

"யாருக்கு? உனக்கா?"

"அம்மாவுக்கு. ஒரு வரி போதும்."

கையை விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செங்கல்பட்டுல எனக்கு இன்னிக்கு காண்டாக்ட் கிளாஸ் இருக்கு. அஞ்சல் வழி பி.எட். ஸ்டூடண்ட்ஸுக்கு நான்தான் பாடம் எடுக்கறேன். எல்லாரும் வந்து காத்துக்கிட்டிருப்பாங்க. நான் கிளம்பணும்."

செங்கம்மாள் மறுபடியும் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். மாலையிலிருந்து அம்மாவின் கன்னத்தில் விழுந்திருந்த ஓர் இதழை எடுத்துப் போட்டாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"அங்கயாச்சும் நீயே போம்மா."